வளைகாப்புக்கு நான் எடுத்த போட்டோ

என் பளிச் மாமா,

நல்ல சேதி. அனுமந்தையில் உன் அக்கா மகள் சுமதிக்கு வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. போட்டோ எடுத்தது யார் தெரியுமா? நான்தான். சிரிக்காதே.

நீ போன பிறகு உன் கேமராவைத் தொடவே பயந்தேன். சுமதிதான் விடவில்லை. "மாமா எடுக்கறேன்னு சொல்லியிருந்தாரு. இப்ப நீதான் எடுக்கணும் அத்தை" என்று அடம் பிடித்தாள். பழகிப் பார்க்க, நான் வேலை செய்யும் உப்பளத்துக்கே தூக்கிப் போனேன். உப்புக் குவியலைப் பார்த்து அழுத்தினால் லென்ஸ் கிர்ர் கிர்ரென்று முன்னும் பின்னும் போகிறது, எடுக்க மாட்டேன் என்கிறது. கெடுத்துவிட்டேன் என்று அழுகையே வந்துவிட்டது. தலையிலிருந்த சிவப்புச் சும்மாட்டைக் கழற்றிக் குவியல்மேல் வைத்தேன். உடனே பீப்! வெறும் வெள்ளையில் ஃபோகஸுக்குப் பிடி கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பட்டனைப் பாதி அழுத்தி, திரையில் தெரிகிற சதுரம் பச்சையானதும் மீதியை அழுத்த வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. இதையெல்லாம் ஒருநாளாவது எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?

விசேஷத்தன்று என்னைப் பார்த்ததும் சுமதியின் மாமியார் முகம் சுளித்தார்.

"புருசன் இல்லாதவ முன்னாடி நிக்கலாமா? வேற ஆளே கெடைக்கலியா?"

"அத்தை எடுக்கலன்னா எனக்கு வளையலே வேணாம்" என்றாள் சுமதி.

"சரி, ஓரமா நின்னு எடுக்கட்டும்."

"ஓரமா நின்னா படத்துல என் மூக்குதான் விழும். அது ஏற்கெனவே பெருசு!"

கூடம் சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு படம் மங்கினாலும், இவள் நின்றதால்தான் என்று பேச்சு வருமே.

முதல் வளையலுக்கு அழுத்தினேன். பார்த்தால் சுமதி புகையாக இருக்கிறாள். பின்னால் சுவரில், மாலைக்குள் நீ மட்டும் தெளிவாக இருக்கிறாய்! கேமரா தானாக முகம் தேடுகிற மாதிரி வைத்திருந்தேன். அவள் வெட்கத்தில் தலை குனிந்திருந்தாள், நீதான் நேராகப் பார்த்தாய். சதுரம் உன்னிடம் ஓடிவிட்டது. மறுபடி எடுத்தேன், மறுபடியும் நீ. எல்லார் வீட்டு விசேஷத்திலும் பளிச் பளிச்சென்று போட்டோ எடுக்க முன்னால் நின்று மறைக்கிறாய் என்று ஊரே திட்டுமே, இன்னுமா அந்தப் புத்தி போகவில்லை?

"படத்த எறக்கிடவா?" என்று உன் அக்கா காதோரம் கேட்டார்.

"வேணாம் அண்ணி, இருக்கட்டும்."

முகம் தேடுவதை நிறுத்தி, ஒற்றைச் சதுரத்துக்கு மாற்றினேன். கட்டைவிரலால் அதை உன்மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, சுமதியின் இமைமேல் வைத்தேன். பாதி அழுத்தினேன். பச்சை.

அவள் இமையில் நின்ற ஈரம்கூடத் தெரிகிறது. திரையில் எட்டிப் பார்த்த மாமியார் மெதுவாக, "ஏம்மா, நான் வளையல் போடறாப்ல ஒண்ணு எடேன். கம்மல் தெரியணும்" என்றார்.

பிறக்கப்போகிற குழந்தையையும் நானே எடுப்பேன், இது சத்தியம். சதுரத்தை அதன் கண்மேலேயே வைப்பேன். அப்போது பின்னால் நீ மங்கலாகத்தான் விழுவாய். கோபித்துக்கொள்ள மாட்டாய்தானே?

உன் பொண்டாட்டி,
அம்சா