டியோகோ சனிக்கிழமை விளையாடலாமா

மே 18, திங்கள்

விடியத் தொடங்கிய மழை. வயல் பக்கத்திலிருந்து பன்றி எரு நாற்றம், காருக்குள்ளும் வந்துவிட்டது. செய்ய வேண்டியவை: கால் கட்டுகிற ரேப் ஓடர் பண்ண. ஐஸ் மெஷின் மறுபடியும் பழுது, ஆளுக்குச் சொல்ல. மகளுக்குப் பல் டொக்டர் புதனா வியாழனா, பார்க்க.

சனிக்கிழமை கடைசி ஆட்டம். வென்றால் தப்பினோம், இல்லையென்றால் கீழ்ப் பிரிவு. கிளப்பில் எல்லோரும் செத்த வீட்டில் நடக்கிற மாதிரி நடக்கிறார்கள்.

காலைப் பயிற்சி. கோர்னர் பந்துக்கு டியோகோவும் எங்கள் கோல்காப்பாளரும் ஒன்றாக எழும்பி, தலையோடு தலை. டியோகோ விழுந்தான். கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு எழும்பி உட்கார்ந்து சிரித்தான். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டேன். கிளப்பின் இயன்மருத்துவர் நான்தான், அந்த அதிகாரம் இருக்கிறது.

“ஒன்றும் இல்லை ஜெனி. கல்லுத் தலை.”

(அவன் என்னோடு பேசுவது பாதி டேனிஷ், பாதி ஆங்கிலம். தமிழில் எழுதினால் நல்ல பிள்ளை போல இருக்கிறான்.)

“தலையிடி?”

“இல்லை.”

“வயிற்றைப் பிரட்டுதா?”

“இல்லை, இல்லை. சனிக்கிழமை, ஜெனி. தெரியும்தானே.”

தெரியும். கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். டி. (டியோகோ) போர்த்துக்கலில் கடற்கரை ஊர்க்காரன். பதினொரு வயதில் பெரிய கிளப்பின் விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். பதினெட்டில் அடுத்த பெரிய நடுக்கள வீரன் என்று பேப்பரில் படம். அந்தப் பெரிய கிளப்புக்கு ஆடியது இரண்டே ஆட்டம், இரண்டிலும் கடைசிச் சில நிமிடங்கள். பிறகு வேறு வேறு கிளப்புகளுக்கு இரவல் மேல் இரவல். சைப்ரஸ், ருமேனியா, போலந்து. நாடு நாடாகப் பெட்டி தூக்கினதைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் மாதிரித்தான். இப்போது வயது முப்பத்துமூன்று, டென்மார்க்கின் யூலாந்தில் பன்றிப் பண்ணைக்குப் பக்கத்து மைதானம். ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. மனைவி சுசானாவும் சின்ன மகளும் ஊரில். சொந்த ஊர்க் கிளப் அவனை எடுக்க யோசிக்கிறது. சனிக்கிழமை ஆள் அனுப்பிப் பார்க்கப் போகிறார்களாம். அது சரிவந்தால் கடைசி இரண்டு வருடம் வீட்டிலிருந்து விளையாடலாம்.

இரவுச் சாப்பாடு பிட்டும் நேற்றைய சம்பலும்.

மே 19, செவ்வாய்

வெயில், குளிர்காற்று. ரேப் வந்தது, தவறான அகலம்.

டி.யின் தலைச் சோதனை. கிளப்பில் புதிதாகச் சேருகிற எவனுக்கும் தலை நல்லாயிருக்கிற நேரமே ஒரு சோதனை வைப்போம். பத்துச் சொல் வாசிப்பது, திருப்பிச் சொல்லச் செய்வது. மாதங்களைப் பின்னாலிருந்து. ஒற்றைக் காலில் நிற்க. இப்படிச் சில. பிறகு எப்போதாவது தலையில் அடி விழுந்தால் அதே சோதனை, பழைய புள்ளியோடு ஒப்பிடுவோம். குறைந்தால் வெளியே. குறையாவிட்டால் நல்லது.

குறையவில்லை. சேர்ந்தபோது எடுத்த அதே புள்ளி. டொக்டரும் பார்த்துவிட்டு, நோவும் இல்லை, புள்ளியும் அதேதான், மெல்ல ஓடட்டும் என்றார். நான் கையெழுத்து வைத்தேன். கோச் தலையை மட்டும் நீட்டி “சூப்பர்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தாளிடமிருந்து ஒரு முழு வசனம் கேட்டு மாதங்கள் ஆகின்றன.

டி. என்னைக் கட்டிப்பிடித்தான். வியர்வை நாற்றம். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

மே 20, புதன்

பல் டொக்டர் இன்றைக்குத்தான். மறந்துபோனேன். மகள் டேனிஷில் நீளமாக ஏதோ ஏசினாள், “டிப்பிஸ்க் மம்மா” என்று முடித்தாள். அம்மா வழக்கம்போல, என்று அர்த்தம்.

மாலை டி. சாப்பிட வந்தான். புதன்தோறும் வருவான். கணவாய்க் கறியும் சோறும், மூன்று தரம் போட்டுக்கொள்வான். இன்றைக்கு ஒரு தரம்தான். உறைப்புக் கூடவா என்று கேட்டேன், இல்லையாம்.

சாப்பிட்டு முடிய முந்நூற்றுநாலு, சீட்டாட்டம். யூட்டும் டி.யும் ஒரு பக்கம், நானும் அன்ரன் அண்ணையும் மறு பக்கம். யூட் என் புருஷன், காற்றாலை செய்கிற பக்டரியில் வேலை, கிளப்பின் பரம பக்தன். அன்ரன் அண்ணை அவரோடு வேலை செய்கிறவர். போன மாரி முழுக்க இரண்டு பேருமாக டி.க்கு இந்தச் சீட்டாட்டத்தைப் பழக்கினார்கள். இப்போது அவன்தான் எங்கள் எல்லோருக்கும் அப்பன். விழுந்த சீட்டு ஒன்றும் மறக்க மாட்டான். மைதானத்திலும் அப்படித்தான், யார் எங்கே நிற்கிறான் என்று பின்னந்தலையில் கண் இருக்கிற மாதிரி.

இன்றைக்கு அவன்தான் ஏலக் கேள்வியை வென்று, தான் தெரிந்த துருப்புச் சீட்டை, துரும்பை, கவிழ்த்து வைத்தான். நாலு பிடி போயிருக்காது. கவிழ்த்து வைத்த தன் சீட்டைத் தானே எடுத்துப் பார்த்தான். வைத்தான். கொஞ்சத்தில் மறுபடியும் எடுத்துப் பார்த்தான்.

“டேய், நீ வைச்ச துரும்பு உனக்கே மறந்து போச்சோ?” யூட் தமிழிலேயே கத்தினார், சிரிப்போடு.

“அவனுக்குச் சனிக்கிழமை நினைப்பு. விடு தம்பி” என்றார் அன்ரன் அண்ணை.

டி.யும் சிரித்தான். பிறகு என்னிடம், யன்னல் சீலையை இழுத்துவிட முடியுமா, வெயில் கண்ணைக் குத்துகிறது என்றான். தலையில் அடிபட்டவர்களுக்கு வெளிச்சமும் சத்தமும் தாங்காது. நான் எழும்பி இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகு என் கையில் என்ன சீட்டு வந்தது என்று எனக்கே தெரியாது.

மே 21, வியாழன்

மூட்டம். வண்டி ஓட்டிக்கொண்டு போகையில்தான் மூளையில் பட்டது. அவனுடைய பழைய சோதனை எடுத்தது அவன் டென்மார்க்குக்கு வந்த முதல் கிழமை. ஆங்கிலத்தில் வாசித்தோம். அப்போது அவனுக்கு ஆங்கிலம் ஹலோ, தாங்க் யூ, பாஸ் த போல். பத்துச் சொல்லில் பாதி அவனுக்கு வெறும் சத்தம். அதனால்தான் அந்தக் குறைந்த புள்ளி. இப்போது ஆங்கிலத்தில் சண்டையே பிடிக்கிறான். அதே புள்ளி எப்படி வரும்? ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இறங்கியிருக்கிறது.

யாருக்கும் இது தோன்றவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த வருடம், எனக்கு எட்டு வயது, பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் படங்களைக் காட்டி டேனிஷில் கேள்வி கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. மந்தமான பிள்ளைகளின் வகுப்பில் போட்டார்கள். அப்பா “யா, யா” என்று தலையாட்டிவிட்டு வந்தார். ஒரு வருடம் அங்கே இருந்து மணி கோர்த்தேன்.

டொக்டருக்குப் போன். அவர் கொஞ்சம் யோசித்து, “நீ சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் போர்த்துக்கேயத்தில் ஒப்பிட எங்களிடம் ஒன்றும் இல்லை. அவனோடு பழகுகிறவள் நீ, உன் முடிவுக்கு நான் நிற்பேன்” என்றார். நல்ல மனிதர். ஆனால் பந்து மறுபடியும் என் காலடியில்.

மத்தியானம் டி.யைச் சிகிச்சை அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு கோபம்.

“நான் பாஸ். நீ கையெழுத்து வைத்தாய்.”

“ஆறாத மூளையில் இன்னொரு அடி விழுந்தால் என்ன நடக்கும் தெரியுமா? ஆளே போகலாம், டியோகோ.”

“போகமாட்டேன்.”

“சரி. சுசானாவைக் கூப்பிடு. உன் பாஷையில் அவள் பத்துச் சொல் சொல்லட்டும். நீ திருப்பிச் சொல்லு. சொன்னால் நான் வாயே திறக்கமாட்டேன்.”

உடனே ஒத்துக்கொண்டான். தன் பாஷைதானே என்ற துணிவு. வீடியோவில் சுசானா, குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். விஷயத்தை அவளுக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். வீட்டுச் சாமான் பத்தைச் சொல்ல வேண்டும், பிறகு பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும், பிறகு கேட்க வேண்டும். அவள் சுற்றிவரப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். எனக்குப் போர்த்துக்கேயம் தெரியாது. ஆனால் கதெய்ரா என்றாள், நாற்காலிக்கு நாங்கள் சொல்கிற கதிரை. ஜனேலா, யன்னல். சப்பாத்து. பாண். மேசை. சாவி. அலுமாரி. அந்தக் காலத்துப் போர்த்துக்கேயப் பறங்கியன் எங்கள் வீட்டுக்குள் விட்டுப்போன சொற்கள், சும்மா கேட்டுக்கொண்டிருந்த எனக்கே வரிசையில் நின்றன.

பிறகு பிள்ளையின் தடிமன் காய்ச்சலைப் பற்றிக் கதைத்தார்கள். பிறகு அவள் கேட்டாள்.

“கதெய்ரா” என்றான் டி. கொஞ்சம் நின்று, “பாண்.” கூரையைப் பார்த்தான். உதட்டை நனைத்தான். “கதெய்ரா.”

சுசானா எடுத்துக் கொடுக்கவில்லை. அவன் விரலை மடக்கி எண்ணினான், இரண்டோடு நின்றது. பழுதான ஐஸ் மெஷின் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. பிறகு அவள் மெல்ல ஏதோ சொன்னாள், அதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. டி. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

“ஞாயிற்றுக்கிழமை சொல்லு. ஆட்டம் முடியட்டும். இரண்டு நாள்தானே” என்றான்.

“மாட்டேன்.”

“உன் வீட்டில் சாப்பிட்டேன் ஜெனி.”

“அதனால்தான்.”

கதவை அறையவில்லை, மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். அறைந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மே 22, வெள்ளி

மழை, விட்டு விட்டு.

கோச்சிடம் சொன்னேன். டி. நாளைக்கு இல்லை, அதற்குப் பிறகும் சில கிழமைக்கு இல்லை. கோச் வெள்ளைப் பலகையில் ஒட்டியிருந்த டி.யின் காந்த வட்டத்தை எடுத்துக் கையில் வைத்து உருட்டினார். “இது உன்னுடைய தொழில்முறை மதிப்பீடு” என்றார். முழு வசனம்! டேனிஷ்காரர் இப்படிச் சொன்னால், மறிக்கமாட்டார்கள், பிழைத்தால் பழி உன்னுடையது என்று அர்த்தம். வட்டத்தை மேசை லாச்சிக்குள் போட்டார்.

சாப்பாட்டு அறைக்குள் நான் போனதும் பேச்சு நின்றது. ரூபுறோட் என்கிற கறுப்புப் பாணும் மீனும் எடுத்துக்கொண்டு காருக்குள் போய் இருந்து சாப்பிட்டேன். டி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் காரைத் தாண்டிப் போனான், கறுப்புக் கண்ணாடி போட்டு, மழைக்குள். வீட்டில் திரையை இழுத்துவிட்டுப் படு, மைதானத்துக்கு வராதே என்று மெசேஜ் அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளம் மட்டும் விழுந்தது.

வீட்டில் அடுத்த கச்சேரி. யூட்டுக்கு அதற்குள் செய்தி வந்துவிட்டது.

“அவன் இல்லாமல் நாங்கள் எப்படி வெல்லுறது? ஒருத்தருக்கும் தெரியாததை நீ மட்டும் கண்டுபிடிச்சனியோ?”

“நீங்களும் பக்கத்தில இருந்துதானே பாத்தனீங்கள். துரும்பை மறந்தவன்.”

“நானும்தான் மறக்கிறனான்! அவன்ர பிழைப்பெல்லோ ஜெனி. அவன் ஊருக்குப் போகப் பாத்துக்கொண்டு இருந்தவன்.”

“ஊருக்கு ஆளாய்ப் போகட்டும் எண்டுதான் சொல்லுறன்.”

அவர் எழும்பிப் போய் அந்தோனியார் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார். கிளப்புக்காகவா டி.க்காகவா, கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம், டி.மேல் கோபம், செவ்வாய்க்கிழமை கையெழுத்து வைத்த என்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம். பிழையாக நினைத்திருந்தால்? அவன் தலை நல்லாயிருந்து, வெறும் பயத்தில் சொற்கள் வராமல் போயிருந்தால்? ஒருவனுடைய கடைசி வாய்ப்பை ஒரு கதிரைக்கும் ஒரு துண்டுப் பாணுக்குமாக முறித்திருக்கிறேன்.

உடுப்புத் தோய்த்தது, மகளின் ஜீன்சுக்குள் சூயிங்கம்.

மே 23, சனி

நல்ல வெயில். வேண்டுமென்றே செய்கிற மாதிரி.

பையில்: ரேப் (சரியான அகலம்), ஸ்பிரே, உப்புத் தண்ணீர், பஞ்சு, ஐஸ் (பெற்றோல் கடையில் வாங்கினது).

மைதானம் நிரம்பிவிட்டது. யூட்டும் அன்ரன் அண்ணையும் எதிர்ப் பக்கத்தில், கிளப் சால்வையோடு. யூட் என்னைப் பார்த்துக் கை காட்டவில்லை. ஆட்டம் தொடங்குகிற நேரம் டி. வந்தான். கறுப்புக் கண்ணாடி, தொப்பி. வராதே என்று சொன்னவளுக்கு முன்னால் வந்து, மாற்று வீரர் இருக்கிற வாங்குக்குப் பின் வரிசையில், எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தான். வணக்கம் இல்லை. முதுகில் அவன் பார்வை சூடாக இருந்தது.

போர்த்துக்கல் ஆளும் வந்திருந்தார், நரைத் தலை, மெல்லிய கோட். டி.யின் தோளைத் தட்டி ஏதோ பேசினார், பிறகு இடைவேளைக்கு முன்பே எழும்பிப் போய்விட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை.

முதல் பாதி கோல் இல்லை. நடுக்களத்தில் ஓட்டை. டி. நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பெடியன், பந்து வந்தால் சுடுகிற மாதிரி உதைத்துத் தள்ளுகிறான். பின்னாலிருந்து ஒருவன், “அந்த ஃபிஸ்ஸிடம் கேளுங்கள் போர்த்துக்கேயன் எங்கே என்று” எனக் கத்தினான். ஃபிஸ் என்றால் இயன்மருத்துவர், என்னைத்தான். பலர் சிரித்தார்கள். நான் ஐஸ் பெட்டியைத் திறந்து மூடினேன்.

இரண்டாம் பாதி, ஆட்டம் முடிகிற வாக்கில், கோர்னர். எங்கள் பின்கள வீரன் தலையால் முட்டினான். கோல். முழு மைதானமும் எழும்பிவிட்டது. மேளம், ஊதுகுழல், கால்களால் தகரத்தை உதைக்கிற சத்தம். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளன் அடித்தவனின் முதற்பெயரைச் சொல்ல, சனம் குடும்பப்பெயரைக் கத்துகிறது, மறுபடியும், மறுபடியும். கோச் என்னைக் கட்டிப்பிடித்தார். கோச்! நானும் கத்தினேன், தொண்டை கிழிய, தமிழில்.

அப்போதுதான் திரும்பினேன். எல்லோரும் நிற்க டி. மட்டும் இருந்தான். முழங்காலுக்குள் தலை. தொப்பி கீழே கிடந்தது. அழுகிறான் என்று நினைத்தேன், தான் இல்லாமலே அடித்துவிட்டார்கள் என்று. பைக்கு மேலால் தாண்டிப் போய்க் குனிந்தேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தான், விரல் வெளுத்துப் போகிற அளவுக்கு இறுக்கி. முகம் சாம்பல் நிறம்.

“டியோகோ?”

ஒரு கையை எடுத்து என் ஜக்கெற்றைப் பிடித்தான். வியாழனுக்குப் பிறகு அவன் என்னோடு பேசிய முதல் பேச்சு.

“நிறுத்தச் சொல்லு, ஜெனி.”

“எதை?”

“அவர்களை. கத்துவதை நிறுத்தச் சொல்லு.”