உன் ஒப்புதல் இல்லாமல்

மாப்ள,

இன்று காலை நம் சிம்மக்கல் அறைக்குப் படியேறும்போதே கீழ்க்கடை வற்றல் மிளகாயின் நெடி மூக்கில் ஏறியது. தும்மிக்கொண்டே, பழைய பழக்கத்தில், உன் நாற்காலிப் பக்கம் திரும்பினேன். அதில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். கணினியைத் திறந்தால் வழக்கமான வரி: இன்னொருவரின் ஒப்புதல் தேவை. அந்த இன்னொருவர் நீதான்.

மொபைல் ஆப் செய்ய நாம் ஒரு சின்ன ஃபிரேம்வொர்க் எழுதினோம். வீடு கட்டச் சாரம் கட்டுவது மாதிரி, ஆப் கட்ட அது. யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஓப்பன் சோர்ஸாக விட்டோம். பெரிய கம்பெனிகள் தருவதெல்லாம் கல்யாண அண்டா, நமக்கு ஒரு பால்சட்டி போதும் என்பாய். எழுமலையில் உன் அப்பாவின் பழைய போன், பேரன் பேத்தி படங்களால் நிரம்பி வழியும். மிச்ச இடத்தில் ஆப் ஏறினால்தான் உனக்குத் திருப்தி. நான் எதைச் சேர்த்தாலும், "எம்புட்டு கனம் மாப்ள? எதை வெளிய எடுக்கப் போற?" என்று கேட்டு உயிரை வாங்குவாய்.

அந்தச் சண்டையில்தான் விதி பிறந்தது. இருவரும் சரி என்றால்தான் எந்த மாற்றமும் உள்ளே போகும். விதியை மாற்றவும் இருவரும் வேண்டும். அவனியாபுரம் டீக்கடையில் பேசி முடித்து, இனி பங்காளிச் சண்டையே வராது என்று சிரித்தாய். நம்மில் ஒருவர் இல்லாமல் போகலாம் என்று இரண்டு கழுதைகளுக்கும் தோன்றவில்லை.

மாரடைப்பு உன்னைக் கொண்டுபோனது. விதி அப்படியே நிற்கிறது.

இப்போது வரும் புதுப் போன்களில் நம் ஆப்கள் திறப்பதில்லை. சரிசெய்யும் மாற்றத்தை எழுதிவிட்டேன், உன் ஒப்புதலுக்காக அது வாசலிலேயே நிற்கிறது. எழுமலைப் பக்கத்து விவசாயிகள் வெங்காய விலை பார்த்தது அதில்தான். போனை மாற்றியவர்கள் விலை தெரியாமலே லோடு ஏற்றி, மண்டியில் வந்து முழிக்கிறார்கள். அவர்கள் அழைத்துக் கேட்பது என்னைத்தான். நகலெடுத்து வேறு பெயரில் தொடங்கு என்கிறார்கள் நண்பர்கள். செய்யலாம். நீ இல்லாத ஒன்றைத் தொடங்கக் கை வரவில்லை. விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. இருதலைக் கொள்ளி எறும்பாகக் கிடக்கிறேன். உன்மேல் கோபம் கோபமாக வருகிறது.

நேற்று உன் மனைவி உன் போனைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"அவுக பேருல நீங்களே அழுத்திருங்கண்ணே. அவுக என்ன, வேணாம்னா சொல்லப் போறாக?"

இன்று அந்தப் போனில் என் மாற்றத்தைத் திறந்தேன். ஒரே ஒரு அழுத்து, எல்லாம் தீர்ந்துவிடும். விரலை வைக்கும் முன், நீ படிப்பது போல ஒருமுறை படித்துப் பார்த்தேன். புதுப் போனுக்கு வேண்டியதோடு, மண்டிக்காரர் கேட்டார் என்று ஒரு விளம்பரப் பகுதியையும் சேர்த்திருந்தேன். நீ இல்லாத தைரியம். உன் அப்பா போனில் அது ஏறவே ஏறாது.

உன் பெயரில் முதன்முறையாக அழுத்தினேன்: வேண்டாம்.

விளம்பரத்தை எடுத்துவிட்டு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். விவசாயிகளின் அழைப்பு வந்தபடியே இருக்கிறது. உன் மனைவிக்கு இதை எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை. நீ சரி என்று சொல்கிற வரைக்கும் எனக்கு இந்த அறையை விட்டு விடுதலை இல்லை, மாப்ள. சொல்ல வேண்டியவனும் நானேதான்.