நின்றுபோன சுவிட்ச்

வெள்ளிக்கிழமை, இரவு

ஆய்வுக் கட்டுரைக்காக எங்கள் பெருக்கிச் சுற்றின் (ஆம்ப்ளிஃபையரின்) இரைச்சலை மறுபடி சிமுலேஷன் செய்து, காலையில் துறைத்தலைவரிடம் காட்டினேன். முன்பு போட்ட இரைச்சல் வரைபடத்தில், சுற்றிலுள்ள சுவிட்ச் ஒரே நிலையில் நிற்பதாக வைத்துத்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டிருந்தது. சுவிட்சை மாறி மாறி ஓடவிட்டால், மேல் அதிர்வெண்களில் இருக்கும் இரைச்சலெல்லாம் மடிந்து, கீழே எங்கள் சிக்னலோடு வந்து சேருகிறது. எங்கள் பெருக்கி சுமாரானதுதான் என்று தெரிந்துவிடுகிறது.

"சார், நெஜ சர்க்யூட்ல சுவிட்ச் நிக்கவே நிக்காதுங்க" என்றேன்.

அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "படிக்கிறவனுக்கு அதெல்லாம் தெரியவா போவுது? எரைச்சல் கம்மியா வந்த பழைய படத்தையே போட்டு அனுப்பும்மா" என்றார்.

என்னால் முடியாது என்று சொன்னேன்.

"சரி வுடு, நானே அனுப்பிக்கிறேன்."

சாயங்காலம் பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது, கட்டுரை போய்ச் சேர்ந்ததாக போனில் மெயில் வந்தது. திறந்து பார்த்தேன். அதே பழைய படம்.

எங்கள் துறையில் யார் எழுதினாலும் அவர் பெயர்தான் முதலில் வரும். என் பெயர் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த முறை என் பெயர் முதலில் இருக்கிறது.

அவர் பெயரைத் தேடிப் பார்த்தேன். எங்குமே இல்லை.