உன் வியாழக்கிழமை வகுப்பை நான்தான் நடத்துகிறேன்

என் உயிர்த் திரேசா,

நீ கண்மூடி ஐந்து மாதமாகிவிட்டது. உன் வியாழக்கிழமை வகுப்பை இப்போது நான்தான் நடத்துகிறேன். எழுத்துப் பிழை விடுகிற நான் பலகைக்கு முன்னால் நிற்கிறேன் என்று கேட்டால் சிரிப்பாய்.

சுவிஸில், பேர்ண் நகரில் நாம் வேலை செய்த வீட்டுச் சமையலறைத் தரையில் நான்கு வருடம் நாம் படுத்தெழும்பினோம். சம்பளம் இல்லை. நம் கடவுச்சீட்டு வீட்டுக்காரருடைய அலுமாரியில். ஒருநாள் நீலக் குப்பைப் பையை வெளியே வைக்கப் போன நீ திரும்பி வரவில்லை. என்னை விட்டுவிட்டாய் என்றே நினைத்தேன். பின்னேரம் பொலிசோடு வந்தாய்.

"வெளியில வந்திட்டம், சரி. ட்ராம் எங்க போகுதெண்டு வாசிக்கத் தெரியாட்டி, திரும்பவும் ஆரையாவது நம்பித்தானே இருக்கவேணும்?" என்று கேட்டாய். அப்படித்தான் தேவாலயத்தின் பின்னறையில், நம்மைப்போல வீடுகளில் அடைபட்டு மீண்ட பெண்களுக்கு, எழுத வாசிக்கப் பழக்கும் இந்த வகுப்பைத் தொடங்கினாய்.

புதிதாக வந்திருப்பவள் புஷ்பம். இலங்கையில் சண்டை முடிந்தபின் வன்னியிலிருந்து வந்தவள். இரண்டு வருடம் ஒரு வீட்டில் சமைத்தாள், பிள்ளை பார்த்தாள், அவளை வெளியே விடவில்லை. அந்த வீட்டார்மேல் வழக்கு நடக்கிறது. தன் பெயரை எழுத இப்போதுதான் பழகுகிறாள்.

போன வியாழன் புஷ்பத்தை அடைத்து வைத்திருந்த வீட்டுக்காரி வகுப்பு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பை.

"புஷ்பத்தின்ர குளிர்ச்சட்டை கொண்டு வந்தனான். சின்னவள் அவளைத் தேடி அழுறாள். ஒருக்கா விடும், கதைச்சிட்டுப் போறன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஓம் அன்ரி" என்று சொல்லி வழிவிட்டேன். அவளை எனக்கு முன்பின் தெரியாது. ஆனால் அந்த மாதிரிக் குரலைத் தெரியும், நான்கு வருடம் கேட்டிருக்கிறோமே.

புஷ்பம் எழுந்து அவள் பின்னால் போய்விட்டாள். மற்றப் பெண்கள் என்னையே பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. படியிறங்கி ஓடினேன். ட்ராம் தரிப்பில் இருவரும் நின்றார்கள்.

"புஷ்பம், வகுப்பு இன்னும் முடியேல்லை."

"நீர் ஆர் அவளை மறிக்க?" என்றாள் வீட்டுக்காரி.

"நானும் இப்பிடி ஒரு வீட்டில இருந்தனான்" என்று புஷ்பத்தைப் பார்த்துச் சொன்னேன்.

ட்ராம் வந்தது. வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்தபடி ஏறினாள். புஷ்பம் கையை உருவிக்கொண்டு தரிப்பிலேயே நின்றுவிட்டாள். கதவு மூடியது. குளிர்ச்சட்டையும் அதற்குள்ளேயே போய்விட்டது.

"அவ திரும்பி வருவாவோ, அக்கா?" என்று புஷ்பம் தினமும் போனில் கேட்கிறாள். வரமாட்டா என்று என்னால் சொல்ல முடியவில்லை. வழக்கறிஞரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டோம். ஆனால் வழக்குத் தோற்றால் அவள் இங்கே தங்குவதற்கான பெர்மிட் என்னாகும்? கொஞ்சநாள் வகுப்பை நிறுத்துவோம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? உனக்குப் பயமே இருக்கவில்லையா, இல்லை என்னிடம் காட்டாமல் இருந்தாயா?

நாளை வியாழன். வகுப்பு நடக்கும். என் பயம் போகவில்லை, போகுமென்றும் தோன்றவில்லை. ஆனால் வாசலில் யார் வந்து நின்றாலும் இனி வழிவிடமாட்டேன், திரேசா.

உன்னோடு பிறக்காமல், உன்னால் வெளியே வந்த தங்கை,
ராணி