தண்ணீர்த் தாங்கியடிப் பற்றை

மஹய்யாவ,
கண்டி.
23.06.1985

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் கமலா எழுதுவது. நானும் தர்மினியும் சுகமாக இருக்கிறோம். ஆபிரிக்கா என்றாலும் லுசாக்காவில் இப்போது கடும் குளிர் என்று எழுதியிருந்தீர்கள். நான் பின்னித் தந்த கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்க்காமல் எடுத்துப் போடுங்கள்.

ஓகஸ்ட் விடுமுறைக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெற் ஒழுங்கு செய்துவிட்டதாகவும், வருகிறோமா இல்லையா என்று ஒரே சொல்லில் பதில் போடும்படியும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே சொல்லில் எனக்கு எப்போது பேச வந்தது? பெண் பார்க்க வந்த அன்றைக்கே அம்மா உங்களை எச்சரித்தாவே. இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். முதலில் ஊர்ப் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மழை தொடங்கிவிட்டது. ஆனி வந்தாலே எண்பத்து மூன்று ஆடிக் கலவர நினைவும் கூடவே வந்துவிடுகிறது. சந்தியில் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்க்கிறார்கள். வடக்கில் எங்காவது குண்டு வெடித்தால், இங்கே பால்காரர் முகத்தைப் பார்க்காமல் பாலை ஊற்றிவிட்டுப் போகிறார். தர்மினி கணக்கில் கெட்டி, சாப்பாட்டில் மோசம். இரண்டும் உங்களைப் போலத்தான்.

வீட்டுக்குப் பின்மேட்டில், தண்ணீர்த் தாங்கியடியில் புதராக மண்டிய பற்றையில், பொழுதுபட்டதும் தவக்கைகள் கத்தும். றேடியோச் செய்தி கேட்க விடுகுதில்லை என்று சினப்பீர்களே, இனி நீங்கள் நிம்மதியாகச் செய்தி கேட்கலாம். நல்ல மழை பெய்த பிறகும் அங்கொன்று இங்கொன்றுதான் கத்துகிறது. மேட்டில் வீடுகள் ஏறிக்கொண்டே போகின்றன. மரக்கறிக்கு அடிக்கிற மருந்தெல்லாம் ஓடைக்குள்தான் வருகிறது. என்னோடு படிப்பிக்கிற மடவளை றம்லத் டீச்சர், தங்கள் ஊர் வயலிலும் இதே கதைதான் என்கிறா. சனிக்கிழமைகளில் அவவும் நானும் ரோச் லைற்றோடு பற்றைக்குள் குனிந்து, எது மிச்சம் இருக்கிறது என்று தேடுகிறோம். அயலட்டை சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

ஒரு மடைத்தனமும் செய்தேன். சித்திரை வெயிலில் பற்றை காய்ந்து கிடந்தது. சில இலைகளின் கீழ்ப்பக்கத்தில் பசை போல ஒட்டிக்கொண்டு தவக்கை முட்டைகள் இருந்தன. காய்ந்து செத்துவிடுமே என்று பதறி, இலைகளைப் பிடுங்கிவந்து பேசின் தண்ணீரில் போட்டேன். இத்தனை வருடமாகக் கரும்பலகையில் முட்டை, தண்ணீரில் வாற்பேத்தை, பிறகு தவக்கை என்று கீறுகிறவள் வேறென்ன செய்வாள்? எல்லாம் வெளிறி அழுகிப் போயின. நான் காணாமல் விட்ட ஓர் இலை மட்டும் கொப்பிலேயே இருந்தது. முதல் மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால், அந்த முட்டைகளுக்குள்ளிருந்து நெல்லுமணி அளவில் முழுத் தவக்கைகளே வெளியே வருகின்றன! வாலும் இல்லை, வாற்பேத்தையும் இல்லை. இந்தச் சாதிக்குத் தண்ணீரே தேவையில்லை, ஈர இலை போதும். நான் அந்த இடத்திலேயே இருந்து அழுதுவிட்டேன். றம்லத் என்னைத் தேற்றவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் நின்றா.

இனித்தான் விசயம். தாங்கியைச் சுற்றியுள்ள பற்றை முழுவதையும் வெட்டும்படி போன கிழமை கட்டளை வந்தது. யாராவது ஒளிந்திருந்து தாங்கிக்கு ஏதும் செய்துவிடுவார்களாம். நானும் றம்லத்தும் பொறுப்பான அதிகாரியின் கந்தோருக்குப் போனோம். தவக்கைக்காகவா வந்தீர்கள் என்று அவர் சிரித்து, பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார். பிறகு என் பெயரைக் கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. பற்றைக்குள் ஆட்கள் ஒளியலாம் என்பது தெரியாதா என்று கேட்டார்.

அத்தான், எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அந்த ஆடியில், நீங்கள் கணக்கு எழுதிய புடவைக் கடை எரிந்த அன்று, மழைக்குள் மூன்று பேரும் அந்தப் பற்றைக்குள்தான் கிடந்தோம். தர்மினியின் வாயை என் சேலையால் பொத்தியிருந்தேன். நாங்கள் நுழைந்ததும் தவக்கைகள் எல்லாம் கப்சிப் என்று அடங்கிவிட்டன. அந்த அமைதிதான் எங்களைக் காட்டிக் கொடுக்கப் போகிறது என்று நினைத்தேன். அசையாமல் கிடந்தோம். ஒன்று தொடங்கியது, பிறகு இன்னொன்று, பிறகு பற்றை முழுவதும். தடிகளோடு மேடேறி வந்தவர்களில் ஒருவன் சிங்களத்தில் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்: “தவளை கத்துதே. உள்ளுக்கு ஆள் இருந்தா கத்துமா?” அவர்கள் திரும்பிப் போனார்கள். நீங்கள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

இதையெல்லாம் அந்த அதிகாரியிடம் சொல்ல முடியுமா? ஆனால் கதிரையை விட்டு எழும்பவும் இல்லை. கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். மேற்பக்கத்தை வெட்டுவார்களாம். கீழ்ப்பக்கத்தை விடலாமாம், ஆனால் மேட்டோடு குடியிருக்கும் ஒருவர் அதற்குப் பொறுப்பு எடுக்க வேண்டுமாம். கிழமைக்கு ஒருதரம் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். பற்றைக்குள் என்ன அகப்பட்டாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். றம்லத் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தா. “ஒங்கட பேர குடுக்க வாணாம் டீச்சர். ஏன்ட பேர எழுதச் சொல்லுங்க. என்னய யாரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க” என்றா. மடவளையில் இருக்கிறவவின் கையெழுத்தை அவர் ஏற்கவில்லை. நான் வைத்தேன். கமலாசனி மகேந்திரராசா என்று முழுப்பெயரும். உங்கள் பெயரும் அதில் சேர்ந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று நீங்கள் திட்டுவது இங்கேவரை கேட்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகுமுன் பற்றையை ஒருதரம் சுற்றிப் பார்க்கிறேன். வெறும் தகர ரின் ஒன்று கிடந்தாலும் பொறுக்கி வந்து வீட்டுக் குப்பையோடு சேர்க்கிறேன். ஜீப் சத்தம் கேட்டால் உலையில் அரிசி போட்டேனா இல்லையா என்பதே மறந்து போகிறது. ஆனால் நான் புறப்பட்டால் மறுநாளே வெட்டிவிடுவார்கள். கையெழுத்து வைத்தவள் நாட்டை விட்டே போய்விட்டாள் என்றால், கூட வந்த றம்லத்தைத்தான் பிடித்துக் கேட்பார்கள்.

நீங்கள் கேட்ட ஒரு சொல் இதுதான்: இல்லை. இப்போது இல்லை. நீங்கள் எங்கள் நன்மைக்குத்தான் கூப்பிடுகிறீர்கள், எனக்குத் தெரியும். நானும் நன்மைக்கென்றுதான் அந்த முட்டைகளைத் தண்ணீரில் போட்டேன்.

தர்மினி நேற்று ஆபிரிக்காப் படத்தை விரித்து, லுசாக்காவுக்குக் கடல் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் அப்பா கப்பலில் திரும்பி வரமாட்டாரா என்று கேட்டாள். நான் படத்தை மடித்து வைத்தேன். விடுமுறைக்கு நீங்கள் வந்து போக முடியுமா? வா என்று கேட்க எனக்கு நியாயம் இல்லை. அன்று கடையில் உங்கள் முதுகில் விழுந்த அடிக்கு எண்ணெய் பூசியவள் நான்தான்.

பிள்ளையார் உங்களுக்குத் துணை இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஒன்றை மட்டும் கேட்கிறேன். பிள்ளையையாவது அனுப்பு என்று நீங்கள் எழுதினால் என்னால் மறுக்க முடியாது, அனுப்பிவிடுவேன். அப்படி எழுதிவிடாதீர்கள், அத்தான்.

என்றும் உங்கள்,
கமலா