அசையாத புழுக்கள்

ஓசூர்,
தை மாதம், 1991

அன்புள்ள தம்பி நாராயணப்பனுக்கு, அண்ணி ருக்மணி எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருங்கள். இங்கே சுகமென்று எழுதப் பொய் வரவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டருக்கு நீ போட்ட கடிதத்தை அவரே எனக்குப் படித்துக் காட்டினார். தீபாவளிக்கு முன் கம்பெனி பஸ்ஸிலிருந்து விழுந்த உன் அண்ணனுக்கு இனி நினைவு திரும்பாது, மூக்குக் குழாயை எடுத்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு. என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

மூளை அடுக்கடுக்காக வளர்ந்ததாம். மீனுக்கும் பல்லிக்கும் உள்ள அடி அடுக்கு மட்டும்தான் அவரிடம் மிச்சமாம். மூச்சு வரும், கண் திறக்கும், உள்ளே ஆள் இல்லையாம். நீ பெரிய டாக்டர். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாயா?

போன வாரம் ஆஸ்பத்திரி டாக்டர், மருத்துவம் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிவந்து உன் அண்ணன் நகத்தைப் பேனாவால் அழுத்திக் காட்டினார். கை சுருங்கியது. வெறும் அனிச்சை, வலி இல்லை என்றார். ஒவ்வொருவரும் அழுத்திப் பார்த்தார்கள். போதும் என்று கத்திவிட்டேன். "அவருக்குத்தான் ஒண்ணுந் தெரியாதே, நீ எதுக்கும்மா கத்திக்கினு இருக்கற" என்றாள் நர்ஸ்.

நான் பேரிகை கிராமத்துக்கு மருமகளாக வந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பட்டுப்புழுத் தட்டில் தலையைத் தூக்கியபடி அசையாமல் இருந்தவற்றை, செத்துவிட்டன என்று எருக்குழியில் கொட்டினாய். அவை தோல் உரிக்கத் தூக்கத்துக்குப் போனவை. அந்த நேரத்தில் இலை போடமாட்டோம், தட்டைத் தொடவும் மாட்டோம். அண்ணன் உன்னை அடிக்கவில்லை. குழியில் இறங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். எதற்கு உயிர் இருக்கிறது, எதற்குப் போய்விட்டது என்று அவருக்கும் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் எடுத்துவந்தார்.

அவர் எழுந்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை. மனிதன் புழு இல்லை, அது எனக்குத் தெரியும். தெரியாததைத் தெரிந்தவன் மாதிரி எழுதினாயே, அதில்தான் வயிறு எரிகிறது.

குழாயை எடுத்தே ஆக வேண்டுமென்றால் நீயே வா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நாராயணப்பன் வந்திருக்கிறேன் என்று சொல். அப்புறமும் உனக்கு மனசு வந்தால் எடு. நான் தடுக்க மாட்டேன். தபாலில் மட்டும் செய்யாதே.

நீ நூறு வயது வாழ வேண்டும். கடைசியில் உன் கட்டிலருகே இருப்பவர், தெரியாவிட்டால் எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கிறவராக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் திம்மராயனின் மனைவி,
ருக்மணி