இத்தாலிக் கடலில் ஒரு செவ்வாய்க்கிழமை

என் பெயரை ஒருநாளும் சுருக்கிக் கூப்பிடாத அப்பாவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, ஊசிப்பெட்டியின் அடியில் கிடந்த தம்பியின் கடிதத்தை எடுத்து வாசித்தேன். கோப்பிகூடப் போடவில்லை. போன ஜூலைக்குப் பிறகு இப்போதுதான் அதைத் திறக்கிறேன்.

"அப்பாவுக்கு நெஞ்சு நோ. ஆசுப்பத்திரியிலை விட்டிருக்கிறம். உங்களைக் கேக்கிறார். சந்திக் கடைக்கு ஒரு கோல் எடுங்கோ அக்கா."

ஹேர்னிங்கில் நான் வேலை செய்யும் தையல் தொழிற்சாலையை ஜூலையில் மூன்று வாரம் பூட்டிவிடுவார்கள் என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன். கடிதம் வந்தது பூட்டிய அன்று பின்னேரம். மறுநாள் விடியக் காலையில் இத்தாலிக்குப் பஸ். பக்கத்து மெஷினில் தைக்கும் கிர்ஸ்தன்தான் எனக்கும் இவருக்கும் இடம் பிடித்திருந்தாள். டென்மார்க்குக்கு வந்து பன்னிரண்டு வருடத்தில் எங்களுடைய முதல் விடுமுறை.

தொலைபேசி கூடத்தில்தான் இருந்தது, அப்பா. எடுத்தால் கெட்ட செய்தி வரலாம். வந்தால் போக முடியாது. அது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கடிதத்தை இவருக்கும் காட்டாமல் ஒளித்துவிட்டுச் சூட்கேஸை அடுக்கினேன்.

இத்தாலியில் நாங்கள் தங்கியது சின்ன ஊர். மணல் தொடங்கும் இடம் வரைக்கும் பைன் மரங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடைகளைப் பூட்டிவிடுவார்கள், தெருவில் ஒரு சைக்கிள்கூட ஓடாது. கடலுக்குப் பக்கத்தில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் நனைந்தறியாத நான், நாற்பத்து நாலு வயதில், தண்ணீரில் மல்லாந்து மிதந்தேன். கிர்ஸ்தன் என் முதுகுக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு, "மூச்சை விடு செல்வா, நீ கல் இல்லை!" என்று சத்தம் போட்டாள். கையை எப்போது எடுத்தாளோ தெரியாது. கரையில் நின்ற இவர், "அங்காலை யூகோஸ்லாவியா! போயிடாதையும், ஆர் எனக்குச் சமைக்கிறது?" என்று கத்தினார்.

அது செவ்வாய்க்கிழமை. நீங்கள் போனதும் அன்றுதான்.

தந்தி பூட்டிய வீட்டில் காத்துக் கிடந்தது. நான் புதன்கிழமை ஒரு படக்கார்ட் போட்டேன்: இங்கே எல்லாம் ஒரே பச்சை, ஒவ்வொரு நாளும் கடலில் குளிக்கிறோம், நீங்கள் எல்லோரும் சுகம்தானே. அது உங்கள் முப்பத்தோராம் நாளன்று, அந்தியேட்டிக்கு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. வெளிநாட்டுக் கடிதத்தை எங்கள் வீட்டில் தனியாக யார் வாசித்தது? மாமி எல்லாருக்கும் கேட்க வாசித்திருக்கிறா. அம்மா தம்பியைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாவாம்:

"எழுதினனான், எழுதினனான் எண்டாய். தெரிஞ்சிருந்தா என்ரை பிள்ளை இப்பிடி எழுதுவாளோ? அந்தக் கடிதத்தை எங்கை போட்டனி?"

இதையெல்லாம் தம்பியே எழுதினான். கடைசி வரி: "அக்கா, கடிதம் கிடைச்சதோ இல்லையோ? அதை மட்டும் எழுதுங்கோ."

கிடைக்கவில்லை என்று எழுதினேன்.

ஊரடங்கு தளர்த்திய நேரத்துக்குள், ஆமிக்காரரைக் கடந்து, சைக்கிளில் தபாற்கந்தோருக்குப் போய் அதைப் போட்டவன் அவன். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. போன கிழமை எழுதுகிறான்: "அம்மா இன்னும் என்னோடை கதைக்கிறேல்லை. சமைச்சு மூடி வைச்சிட்டுப் போய்ப் படுத்திடுறா."

நேற்றுத்தான் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பழசை ஏன் கிளறுறீர்? தாயும் மகனும் ஒருநாள் கதைப்பினம்" என்றார்.

"எப்ப?" என்று கேட்டேன். பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொண்டார்.

நான் கோல் எடுத்திருந்தால் நீங்கள் இன்னும் ஒருநாள் இருந்திருப்பீர்களா? என்னைக் கேட்டபோது என்ன சொல்ல இருந்தீர்கள்? இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்தால் இப்போதும் என் உடம்பு லேசாகிறது. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன், அப்பா. எவ்வளவு முயன்றும் அதை வெறுக்க முடியவில்லை. அதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

இந்த வருடமும் அதே இடத்துக்குப் போவோமா என்று கிர்ஸ்தன் கேட்டாள். ஓம் என்று தலையை ஆட்டி வைத்தேன்.

உண்மையைத் தம்பிக்கு எழுதத்தான் இன்று தாளை எடுத்தேன். இரண்டு வரி எழுதியதும் விளங்கியது: கடிதத்தில் சொன்னால் அவன் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. தாளைக் கிழித்துவிட்டேன்.

இந்த ஜூலையில் நான் இத்தாலிக்குப் போகவில்லை. ஊருக்கு வருகிறேன், தனியாக. இவருக்கு இன்னும் தெரியாது. வெடிச்சத்தம் கேட்கிற இடத்துக்கு இப்போது ஏன் என்று கேட்பார். அவர் கேட்பதும் நியாயம்தான். உங்கள் ஆட்டத்திவசத்தன்று, வருடம் நிறைகிற அந்த நாளில், எல்லோரும் இருக்கும்போது, அம்மாவுக்கு முன்னால் நின்று, கடிதம் கிடைத்தது, தம்பியில் ஒரு பிழையும் இல்லை என்று என் வாயால் சொல்வேன். அதற்குப் பிறகு அம்மா கதைக்காமல் விடுவதென்றால், என்னோடு விடட்டும்.

உங்கள் மூத்த மகள்,
செல்வராணி